கரும்புயலுக்கு நிரந்தரத் தடை

“அன்பர்களே, இன்று முதல் இணைய விளையாட்டு அரட்டைகளில் தமிழின் மானம் நம் கைகளில் ஒப்படைக்கப்படுகிறது. ஒரு தூஷணம்கூட இந்த அறையைத் தாண்டிப் போகக்கூடாது.”

கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இயங்கும் அரட்டைக் கண்காணிப்பு அலுவலகத்தில் நின்று இதை அறிவித்தவர் தமிழ்ப் பிரிவின் தலைவர் சயந்தன். அன்பர்கள் என்று அவர் சொன்னது யூஜினாவை. பிரிவில் வேறு ஆள் இல்லை.

ஒரு மாதம் போனது. விளையாடிய தமிழ்ப் பிள்ளைகள் ஆளையாள் சுட்டார்கள், குண்டு வைத்தார்கள். தமிழில் மட்டும் ஏசவில்லை.

“எப்பிடி ஏசுவாங்க?” என்றான் பக்கத்து மேசையில் சிங்களப் பிரிவு பார்க்கும் நபீஸ். “உங்கட பொடியன்மாருக்குக் கோவம் வந்தா சிங்களம்தானே வாயில வருது. எல்லாம் எனக்கு வந்து குவிஞ்சி ஈக்குது. பிளேன்ரீ குடிக்க நேரமில்ல.”

“எனக்கு நேரம்தான் கிடக்கு. இந்த மாசமும் ஒண்டும் வராட்டி தமிழ்ப் பிரிவை மூடுறதாம். வெளிநாட்டுக் கம்பனி மெயில் போட்டிருக்கு. பிறகு நான் கொட்டாஞ்சேனையில வீட்டுக்குள்ளதான் இருக்கவேணும்.”

“சயந்தன் சேர் என்ன செல்றாரு?”

“தமிழ்ப் பிள்ளையள் பண்பானவை எண்டு ரிப்போர்ட் எழுதுறார்.”

அடுத்த திங்கட்கிழமை ‘கரும்புயல்’ வந்தான்.

தோற்றவனின் தாயில் தொடங்கி, பிறக்காத பேரன் வரைக்கும் இழுத்து ஏசினான். எல்லாம் தமிழில். யூஜினாவுக்குக் காது சுட்டது. எச்சரிக்கை அனுப்பினாள். அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான்.

சயந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். “வெட்கம், மகா வெட்கம். இதை உடனே கம்பனிக்கு அறிவிக்க வேண்டும். இப்பிரிவின் அவசியம் அவர்களுக்குப் புரியட்டும்.”

அறிவித்தார். மூடும் பேச்சு நின்றது.

“ஆளு யாரா இருக்கும்?” நபீஸுக்கு வேலை ஓடவில்லை. “ஸ்கூல் பொடியனா?”

“பள்ளிக்கூட நேரத்திலதானே வாறான். காலமை ஒம்பது மணிக்குத் தொடங்குவான். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிப்பாட்டுவான். அஞ்சு மணிக்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை.”

“சனி, ஞாயிறு?”

“வரமாட்டான். போயாப் பௌர்ணமிக்கும் லீவு.”

“அப்ப கவர்மெண்ட் ஆளுதான்,” என்றான் நபீஸ் உறுதியாக.

யூஜினா சிரிக்கவில்லை. “நேற்று ஒரு சின்னப்பிள்ளை அவனிட்ட, ‘அங்கிள், இந்தச் சொல்லுக்கு என்ன கருத்து’ எண்டு கேட்டிருக்கு. அவன் பொறுமையா விளக்கம் குடுத்திருக்கிறான். உதாரணத்தோட.”

“அல்லாஹ்.”

“எச்சரிக்கை எல்லாம் முடிஞ்சுது. இனி நிரந்தரத் தடைதான்.”

“அக்கா, யோசிச்சு அமத்துங்க. அவன் போனா உங்கட வேலையும் போகும்.”

“தெரியும்.” அந்தச் சின்னப்பிள்ளையின் கேள்வியை இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் சயந்தனின் அறைக் கதவு திறந்தது. அவர் நபீஸ் தலையைக் குனியும்வரை காத்திருந்துவிட்டு, யூஜினாவின் மேசையருகே வந்து குனிந்தார். அவர் வாயில் முதல்முறையாகப் பேச்சுத் தமிழ் வந்தது.

“யூஜினா, அந்தக் கரும்புயலை ஒருக்காத் திறந்துவிடும். புதுசாத் தொடங்கினா நான் திரும்ப முதல் லெவல்ல இருந்து விளையாடவேணும்.”