காலண்டர் மகாலட்சுமி

“இது உங்க கற்பனையா சார்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க!”

ஆராய்ச்சி மாணவி பிரிஸில்லா லேப்டாப்பை மேஜைமேல் படாரென்று வைத்தாள். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஃப்ளெக்ஸ் கடையில் பேனருக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்காரர் சிவப்பிரகாசம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

இடது பக்கம், முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பட்டுக்கடைக் காலண்டருக்காக அவர் வரைந்த மகாலட்சுமி. ஊரில் பாதி வீட்டுப் பூஜை அறையில் இன்னும் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது. வலது பக்கம், மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் பழைய நெகட்டிவிலிருந்து எடுத்த பாஸ்போர்ட் ஃபோட்டோ. இருபது வயதுப் பெண்.

கீழே பச்சை எழுத்தில், ‘தொண்ணூற்றாறு சதவீதம் பொருத்தம்’ என்று வந்திருந்தது.

“கற்பனைதாம்மா,” என்றார்.

“அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா? கண்ணு, மூக்கு, மோவாய்ல இருக்கிற குழிகூட ஒண்ணு! நாலாயிரம் நெகட்டிவை ஸ்கேன் பண்ணி, ஒவ்வொரு முகத்தையும் உங்க படங்களோட ஒப்பிட்டுப் பாத்திருக்கேன். ரெண்டு வருஷ ஆராய்ச்சி சார்.”

அவர் மேஜையில் கிடந்த ஒரு பேனரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

“நெகட்டிவ் கவர் மேலயே பேர் இருக்கு. இன்னாசியம்மாள். விசாரிச்சிட்டேன். செய்யார்ல ஒரு கம்பெனி கேன்டீன்ல இன்னைக்கும் சோறு போட்டுகினு இருக்காங்க. அவங்க முகத்தைத் திருடி வரைஞ்சு, மூலையில உங்க கையெழுத்தைப் போட்டீங்க. ஊரே கும்பிடுது. அவங்க பேர் எங்க சார்?”

பேரைக் கேட்டதும் அவர் முகம் வெளிறியது.

“யார் பேரையும் போட்டுடாதம்மா. பேஜாராப் பூடும்.”

“யாருக்கு? உங்களுக்கா?”

சிவப்பிரகாசம் எழுந்து பிரிண்டர் பக்கம் போய்விட்டார்.

அந்த மௌனம்தான் பிரிஸில்லாவுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. கலை வரலாறு என்று அவள் புரட்டிய அத்தனை புத்தகத்திலும் இதே அக்கிரமம்தான். வரைந்தவன் பேர் இருக்கும். வரையப்பட்டவள் பேர் இருக்காது. இந்த ஒருத்திக்காவது இருக்கட்டும்.

அன்று மத்தியானமே இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃபேஸ்புக்கில் போட்டாள். ‘ஆரணி மகாலட்சுமியின் உண்மைப் பெயர் இன்னாசியம்மாள். முகத்தைத் திருடியவர் ஓவியர் சிவப்பிரகாசம்.’

மறுநாள் காலைக்குள் பதினோராயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள்.

அந்தப் பக்கம் போனபோது பார்த்தாள். ஃப்ளெக்ஸ் கடை ஷட்டரில் யாரோ கறுப்புப் பெயின்ட்டால் ‘திருடன்’ என்று கிறுக்கியிருந்தார்கள். சிவப்பிரகாசம் தின்னரை ஊற்றித் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

‘வேணும்!’ என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம், கையில் ஒரு பொன்னாடையோடு, ஆரணியில் அந்தக் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். இன்னாசியம்மாளை அவள் நேரில் பார்க்கப்போவது அதுதான் முதல் தடவை.

பஸ் வந்தது. ஐம்பது வயதைத் தொட்ட அந்த அம்மாள் தலையைக் குனிந்தபடி கடைசியாக இறங்கினாள். ஜன்னல் வழியாக யாரோ செல்போனில் வீடியோ எடுத்தார்கள். “மகாலட்சுமி, எங்களுக்கும் ஒரு வரம் குடு!” என்று ஒரு குரல். பஸ்ஸுக்குள் சிரிப்பு.

“ஆன்ட்டி, நான் பிரிஸில்லா. நான்தான் உங்களைப் பத்தி எழுதினது.”

பொன்னாடையை விரித்த கையை இன்னாசியம்மாள் தட்டிவிட்டாள்.

“நீதானா அது? எங்கடா இவளைப் பிடிக்கிறதுன்னு இருந்தேன்! சோத்துக்குத் தட்டை நீட்டறவன்லாம் கையெடுத்துக் கும்பிட்டு கிண்டல் பண்றான். எங்க வீட்டுக்காரர் நேத்துலேர்ந்து எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. ‘உங்கம்மா சாமி வேஷம் போட்டாங்களாமே’ன்னு என் பொண்ணை மாமியார் வீட்ல அழ வச்சிகினு இருக்காங்க. சந்தோஷமா உனக்கு?”

“உங்களுக்கு நியாயம் கிடைக்கணும்னுதான் ஆன்ட்டி... அந்த ஆள் உங்களை ஏமாத்தி...”

“யாரு? சிவப்பிரகாசம் அண்ணனா?”

இன்னாசியம்மாள் ஓரடி முன்னால் வந்தாள்.

“ஸ்டுடியோல என் ஃபோட்டோவைப் பாத்துட்டு எங்க வீடு தேடி வந்தாரு. எங்கம்மா எதிர்லதான் பேசினாரு. லட்சுமி படத்துக்கு இந்த முகத்தை வச்சிக்கட்டுமான்னாரு. எங்களுது வேதக்கார வீடு, ஏசுசாமியைத் தவிர வேற சாமி கிடையாது. அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டுடுவாரு. ஆனா எனக்கு ஆசையா இருந்திச்சி. யாருக்கும் தெரியக் கூடாதுன்னா சரின்னேன். தெரியாதுன்னாரு. முப்பது வருஷம் ஆச்சி. ரோட்ல எதிர்ல வந்தாகூட என்னை யாருன்னே தெரியாத மாதிரிதான் போவாரு.”



“நேத்து நான் அத்தனை பேர் எதிர்ல திட்டினேனே... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி?”

“எப்பிடி சொல்வாரு? எனக்கு வாக்கு குடுத்திருக்காரு இல்ல!”

கீழே விழுந்து கிடந்த பொன்னாடையைத் தாண்டி நடந்த இன்னாசியம்மாள், ஒரு தடவை திரும்பினாள்.

“அவரைப் போயி கேட்ட. கம்ப்யூட்டரைக் கேட்ட. முகம் என்னுது பாப்பா... என்னைக் கேட்டியா?”