இடப்பக்கம், நான்கு நிமிடம்

மலேசியாவில் லிங்கி ஊரைத் தாண்டி, தோட்டத்துச் செம்மண் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் கார் நிற்கிறது. திருச்செல்வம் மனைவியின் கைப்பேசியைச் சன்னலுக்கு வெளியே உயர்த்திப் பிடித்திருக்கிறார். திரையில் ஒரு நீலப் புள்ளி. சுற்றிலும் பாதையோ ஊரோ இல்லாத வெறும் சாம்பல் நிறம். “லைன் இல்லலா மோகனா. மேப் இறங்கவே மாட்டேங்குது. எந்தப் பக்கம் திருப்ப?” மோகனாவுக்குத் தெரியவில்லை. மணி நாலாகப் போகிறது. நாலுக்கு, இறந்துபோன அக்காவை எடுத்துவிடுவார்கள். பெண்கள் சுடலைக்குப் போகும் வழக்கமில்லை. வீட்டில் பார்த்தால்தான் முகம். இருபுறமும் எண்ணெய்க்கான செம்பனை மர வரிசைகள் ஒன்றைப்போலவே ஒன்று நீள்கின்றன. மட்டைகளுக்கிடையே வெயில் கீற்றுக் கீற்றாக விழுகிறது. எங்கிருந்தோ சாவு மேளம் கேட்கிறது. அவள் இறங்கி, மூச்சை அடக்கிக் கேட்கிறாள். இடப்பக்கம் போலிருக்கிறது, காற்று திரும்பியதும் வலப்பக்கம் போலிருக்கிறது. பதினாறு வருடமாக அக்காதான் பை நிறைய மரவள்ளிக்கிழங்கோடு பஸ் ஏறி சிரம்பானுக்கு வந்துகொண்டிருந்தாள். இவள் ஒருமுறைகூட அக்கா வீட்டுக்குப் போனதில்லை. மேளம் நகர்ந்து, தேய்ந்து, அடங்குகிறது. அப்போதுதான் கைப்பேசி அதிர்கிறது. அக்கா மகன் சுதன் சற்று முன்பு அனுப்பிய குரல்பதிவு: “சித்தி, எங்க இருக்கீங்க? போன் போக மாட்டேங்குது. பெரியவங்க அவசரப்படுத்தினாங்க... எடுத்துட்டோம் சித்தி.” அதன் பிறகு வரைபடம் மெல்ல மெல்ல இறங்கி விரிகிறது. இடப்பக்கம், நான்கு நிமிடம் என்கிறது. திருச்செல்வம் அவசரமாக வண்டியைக் கிளப்புகிறார். “ஏறு மோகனா, கிட்டத்தான்!” “இனிமே யாரைப் பாக்கறதுங்க?” என்கிறாள் அவள், ஏறாமல்.