ஓட்டோடு

குண்டன் கிண்ணத்துக்குள் மல்லாந்தான். இதுதான் நேரம்.

ஈரத்துணியை அவன் மேல் போர்த்தி, தண்ணீருக்குள்ளேயே இடது கையால் பிடித்தேன். வெளியே எடுத்தால் காற்றைக் குடித்துப் பந்தாக உப்பிவிடுவான். பேத்தை மீனின் புத்தி அது. உப்பினால் கதை முடிந்தது.

தண்ணீரில் கலந்த கிராம்பு எண்ணெயின் மயக்கம் தெளிவதற்குள் வேலை முடிய வேண்டும்.

கழுத்துக் கயிற்றில் தொங்கிய குட்டி கட்டரை எடுத்தேன்.

"அதையா எடுக்கறே?" மாமியார் பதறினார். "அத எதுக்குக் குடுத்தாங்க, நீ எதுக்கு எடுக்கறே?"

காதில் வாங்காமல் மீனின் உதட்டைக் கட்டைவிரலால் விலக்கினேன். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

மேல் பல்லும் கீழ்ப் பல்லும் கிளி மூக்கு மாதிரி வளர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. நடுவில் நூல் நுழைய இடமில்லை. வைத்த பெயருக்கே அவமானமாக வயிறு உள்ளே ஒட்டிக் கிடந்தது.

விற்கும்போதே கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். "இதுக்குப் பல்லு வளந்துட்டே இருக்கும்மா. நத்தைய ஓட்டோட போடுங்க. கடிச்சுக் கடிச்சுத்தான் தேயும். மெத்துமெத்துனு ஊட்டி வளத்தீங்க, ஒருநாள் வாயே தொறக்காது."

அதை இந்த வீட்டில் நானும் சொன்னேன். தொண்டை கிழியச் சொன்னேன்.

ஆனால் என் கணவருக்குச் சத்தம் ஆகாது. குக்கர் ஒரு விசில் கூடுதலாக அடித்தால் முகம் மாறும். குண்டன் நத்தையைக் கடிக்கிற 'கடக்' ஹால் முழுக்கக் கேட்கும். "இது வீடா, கல்லு ஒடைக்கிற எடமா?" என்று தடை போட்டார். அவர் ஆபீஸ் கிளம்பிய பிறகு திருட்டுத்தனமாக நத்தை போட்டு வந்தேன்.

ஒருநாள் அவர் சீக்கிரம் வந்துவிட்டார்.

அதன் பிறகு நான் அக்கா வீட்டில் தங்கும்படி ஆயிற்று.

குண்டனை மாமியார் பார்த்துக்கொண்டார். நத்தையை வேகவைத்து, ஊசியால் ஓட்டிலிருந்து நோண்டி எடுத்து, மிக்சியில் அரைத்து, ஸ்பூனில் ஊட்டியிருக்கிறார். அன்பாகத்தான்.

"பச்ச மண்ணு மாதிரி இருக்கு, கல்லப் போய் கடிக்க விடணுமான்னு பாத்தேன்," என்றார் இப்போது, முந்தானையைத் திருகிக்கொண்டே.

நேற்று அவரிடமிருந்து அக்கா போனுக்குச் செய்தி வந்தது. மீன் வாயைத் திறக்கவில்லை, பட்டினி.

அதற்காகத்தான் வந்தேன். அதற்காக மட்டும். அக்கா வாசலில் ஆட்டோவை நிறுத்தி வைத்திருக்கிறாள்.

கட்டரின் நுனியைப் பல்லில் பொருத்தி அழுத்தினேன். டக். துணுக்கு ஒன்று கிண்ணத்தின் அடியில் விழுந்தது.

"மெதுவா," என்றார் கணவர் சோபாவிலிருந்து. மீனுக்காக இல்லை, சத்தத்துக்காக.

டக். டக். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு முகத்தை நினைத்துக்கொண்டேன். ஒரே முகம்தான்.

"பொழச்சுக்குமா?" மாமியார் கேட்டார். தெரியாது என்று தோளைக் குலுக்கினேன்.

"ஒரு மீனுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்! செத்தா வேற வாங்கிக்கலாம். ரெண்டு பேர் சத்தமும் இல்லாம வீடு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?" கணவர் பத்திரிகையை மடித்தார். "என்ன, பதிலக் காணோம்? வாயாடி மகாராணி வாயில பூட்டா?"

அவரே சிரித்துக்கொண்டார். மாமியார் சிரிக்கவில்லை.

எனக்குக் காது மடல் வரை கொதித்தது. கட்டரை மறுபடி பல்லில் வைத்து அழுத்தினேன்.

கடைசித் துணுக்கும் விழுந்தது. குண்டனை வாளியில் நல்ல தண்ணீருக்கு மாற்றினேன். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தான். செவுள் அசையவில்லை. கையால் தண்ணீரை அவன் வாய்ப்பக்கம் தள்ளினேன். தள்ளிக்கொண்டே இருந்தேன். எழுந்திருடா. இந்த ஆள் முன்னால் சாகாதே.

ஒரு கண் உருண்டது.

வால் துடித்தது. தள்ளாடி நிமிர்ந்தான்.

காத்திருந்தேன். அவன் நேராக நீந்தத் தொடங்கியதும், பையிலிருந்து ஒரு நத்தையை எடுத்துப் போட்டேன். முறைத்துப் பார்த்தான். ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பாய்ந்தான்.

கடக்.

"நிறுத்துடி அத!" சோபா கிறீச்சிட்டது. கையை ஓங்கிக்கொண்டே வந்தார்.

மாமியார் எங்கள் நடுவில் வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

"இன்னொரு தடவ கை வச்சே, நானே ஊரக் கூட்டுவேன். வழிய விடு. அவ போகட்டும்."

கணவரின் கை அந்தரத்திலேயே நின்றது.

நான் வாளியை மூடினேன். கட்டரைத் துடைத்து மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டேன். தூங்கும்போதுகூடக் கழற்றக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. வாந்தி வந்து மூச்சு முட்டினால், என் உடைந்த தாடையை இறுக்கிக் கட்டியிருக்கும் கம்பிகளை நானே வெட்டிக்கொள்ள வேண்டும்.

எப்படி உடைந்தது என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "மாடிப்படியில விழுந்துட்டா, டாக்டர்," என்று எனக்கும் சேர்த்துப் பதில் சொன்னவர் என் கணவர்.

அடுத்த வாரம் கம்பியைப் பிரிக்கிறார்கள். பிரித்ததும் முதல் வேலையாக அந்தப் பதிலைத் திருத்த வேண்டும்.

எங்கள் வீட்டில் மாடிப்படியே கிடையாது.