தூணுக்கு விட்ட இடம்

படுத்த படுக்கையாகக் கிடக்கும் சிசிலியின் ஒரே ஜன்னலை, வெளியே சாரத்தில் நின்று கொத்தன் டாபின் செங்கல் வைத்து அடைக்கிறான். அங்கே ரோமானியத் தூண் வர வேண்டும். வாசலின் மறுபக்கம் அதன் ஜோடி ஏற்கெனவே நிற்கிறது. ஜன்னல் வழியே தெரிந்த ஆப்பிள் மரங்கள் மறைந்துவிட்டன. போர்வை மேல் ஒரு சாண் வெயில் மிச்சம். "இத்தாலியில வீட்டு முகப்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும்," என்கிறார் கட்டிலருகே நிற்கும் கணவர் ரேஃப். "இத்தாலியில நான் படுத்திருக்கலையே. அந்தத் தூண் எதைத் தாங்கப்போகுது?" "எதையும் தாங்காது. அழகுக்குத்தான்." டாபின் தொப்பியைக் கழற்றுகிறான். "மன்னிச்சுக்குங்கம்மா." கடைசிக் கல் உட்காருகிறது. வெயில் விரலளவாகி, நூலாகி, போகிறது. ரேஃப் முற்றத்துக்கு ஓடுகிறார். இருட்டில் கிடப்பவளுக்குச் சுவரைத் தாண்டி அவர் குரல் கேட்கிறது: "பிரமாதம்! சிசிலி, நீ இங்க நின்னு பார்க்கணும்!"