பாலத்தில் போட்ட வருகை

பாலத்தில் நின்றபடியே அவள் எல்லாருக்கும் வருகை போட்டாள்.

ஒரு பிள்ளையின் முகத்தைக்கூட இன்னும் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் கீழே, ஓடைக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அங்கே டவர் கிடைக்காது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பாலத்தில் வைத்தே போனில் வருகையை அனுப்பிவிட வேண்டும். வராத பிள்ளையின் வீட்டுக்கு உடனே மெசேஜ் போய்விடும். நேரம் தாண்டினால் மேலே இருந்து கேள்வி வரும்.

தலைமையாசிரியை அவள்தான். ஒரே ஆசிரியையும் அவள்தான். மணி அடிப்பதும் அவள்தான்.

பிள்ளைகள் பத்துப் பேர்.

இன்னும் ஒரு தலை குறைந்தால் பூட்டிவிட்டு அடுத்த ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று போன மாதக் கூட்டத்தில் ஆபீசர் சொல்லிவிட்டார். காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார், ஏதோ பழைய பெஞ்சை இடம் மாற்றுகிற மாதிரி. வருகையையும் தினமும் பார்க்கிறோம் என்றார். அடுத்த ஊர்ப் பள்ளி நால்வழிச் சாலைக்கு அப்பால் இருக்கிறது. பையன்கள் எப்படியாவது ஓடிக் கடந்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளை வீட்டோடு நிறுத்திவிடுவார்கள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அதனால் இந்தப் பள்ளியில் யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை. யாரும் அத்தை வீட்டுத் திருவிழாவுக்குப் போவதில்லை. போனைக் கேட்டால் அப்படித்தான் சொல்லும்.

சத்துணவுச் சமையல்கார அம்மாவும் அந்தக் கணக்குக்கே முட்டை வேகவைப்பாள். மிஞ்சுகிற முட்டையைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.

பிள்ளைகளுக்காகத்தானே என்று முதலில் மனசைத் தேற்றிக்கொள்வாள். இப்போதெல்லாம் தேற்ற வேண்டியிருப்பதில்லை, பழகிவிட்டது.

ஓடையைக் கடந்து, பூட்டைத் திறந்து, மணியடித்தாள்.

கோபிகாவின் இடம் காலியாக இருந்தது.

மூன்றாம் வகுப்பு. மழை கொட்டினாலும் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து நிற்கிற பிள்ளை.

"குறுக்கு வழியில போறேன்னு எங்களுக்கு முன்னாடியே கெளம்பிட்டா டீச்சர்," என்றாள் பக்கத்தில் உட்காரும் ராகவி.

குறுக்கு வழி என்றால் கல்குவாரிப் பள்ளத்தை ஒட்டி வரும் தடம். கல் எடுப்பதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது. போன வாரத்து மழையில் பள்ளம் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. ஒரு கம்பி வேலிகூடக் கிடையாது.

அவள் வாசல் வரை போய் எட்டிப் பார்த்தாள்.

போய்ப் பார்க்கலாம் என்றால் மற்ற பிள்ளைகளைத் தனியே விட முடியாது. வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாம் என்றால், வராத பிள்ளைக்கு வருகை போட்டது ஊருக்கே தெரிந்துவிடும். பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பியிருப்பாள், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு கரும்பலகையில் தேதியை எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.

கணக்குப் பாடம் பாதியில் இருக்கும்போது டிவிஎஸ் ஐம்பது வண்டி ஒன்று படபடத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றது. பலசரக்குக் கடை சோணைமுத்து. வண்டியை அணைக்கவில்லை, இறங்கவும் இல்லை.

"டீச்சர், கோபிகா வந்துருச்சுல்ல?"

அவள் வாசலுக்கு வந்தாள்.

"ஆடு பத்திட்டுப் போன அவுக அப்பன், குவாரிக் கரையில பிள்ளைச் செருப்பு ஒத்தையாக் கெடக்குன்னு ஊரைக் கூட்டிட்டான். கயித்தைக் கட்டித் தண்ணிக்குள்ள ஆளை எறக்கப் போறான். பிள்ளை வரலைன்னா போனுக்கு மெசேஜ் வந்துருக்கும்லடா கிறுக்குப் பயலேன்னு சொல்லிட்டு வந்தேன். மேட்டுல ஏறி நின்னும் பாத்துட்டோம், ஒரு மெசேஜும் இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."



பாலம், ஆபீசர், நால்வழிச் சாலை, எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்து நின்றன. வரவில்லை என்று ஒரு சொல்தான். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

சோணைமுத்துவுக்குப் பொறுமை இல்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டி, "ஏ கோபிகா!" என்று கத்தினார்.

"உள்ளேன் டீச்சர்!"

உள்ளே இருந்து கணீரென்று வந்தது.

ராகவிதான். ஆபீசர் வந்து பெயர் கூப்பிட்டால், வராத பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளை குரல் கொடுக்க வேண்டும். டீச்சர் சொல்லிக்கொடுத்த பழக்கம். தடுமாறாமல் சொன்னால் மிட்டாய் உண்டு. ராகவி இப்போது மிட்டாய்க்குக் காத்திருக்கும் முகத்தோடு அவளைப் பார்த்தாள்.

சோணைமுத்து வாய்விட்டுச் சிரித்தார்.

"நான் சொல்லல? போயி கயித்தைச் சுருட்டச் சொல்றேன். அவனவன் பொழப்பைப் பாக்கட்டும்."

வண்டியைத் திருப்பினார்.

ஓடை மணலில் சக்கரம் புதைந்து இன்ஜின் அணைந்தது. அவர் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியை மெல்லத் தள்ளினார். சத்தம் நின்றதும் சுற்றிலும் ஒரே அமைதியாகிவிட்டது.

அவள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயமாக இருந்தது. எதற்கு முதலில் பயப்படுவது என்றுதான் தெரியவில்லை.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் அவர் இன்னும் போய்க்கொண்டிருந்தார்.