கேட்காமல் தோய்த்த கத்தி

டிசம்பர் 3. இன்றைய தவறு: சாணை மட்டும் பிடிக்கச் சொன்ன கத்தியை, கேட்காமல் அமிலத்தில் தோய்த்துவிட்டேன்.

எழுதப் பழகும் மாலை வகுப்பு நோட்டில் ஷப்பீர் தினமும் எழுதுவது இரண்டே வரி. முதலில் தவறு, முடிவில் நாளைய வேலை.

வசீராபாத் கத்திக்காரர் தெருவில் அவன் பட்டறைக்கு ஒரே வாசல். வந்தவன் அதை அடைத்துக்கொண்டு நின்றான். ஆறடி உயரம், போர்வைக்குள் ஒரு கை.

"மான் தோல் உரிக்கிற கத்தி, உஸ்தாத். கூர் மட்டும் வை. வேற எதையும் தொடாதே. இது அஞ்சாவது கடை."

"அந்த நாலு பேரும் சாணை பிடிக்கலையா?"

"பிடிச்சாங்க. எனக்குத் திருப்தியில்ல."

யாரோ உப்புத்தாள் போட்டு மொட்டையாகத் தேய்த்திருந்தார்கள். முதுகோரம் மட்டும் மெல்லிய ரேகை. மடித்து மடித்து அடித்த அடுக்கு இரும்பு; அமிலம் பட்டால்தான் அதன் வரி முழுக்கத் தெரியும்! அதை இப்படிப் பார்த்தால் ஷப்பீரின் கை சும்மா இருக்காது. அமிலத் தொட்டியில் அமுக்கிவிட்டான்.

வரிகள் மேலெழுந்தன. அலை, சுழி, மறுபடி அலை. ஷப்பீரே அடித்த இரும்புப் பாளம்தான் அது. இரண்டாகப் பிளந்து இரண்டு கத்தி செய்து, ஒன்றைத் தம்பி காமிரானுக்குக் கொடுத்திருந்தான்.

ஊர்ப் பெரும்புள்ளி சௌத்ரியின் மகளை மணந்துகொண்டு காமிரான் ஊரைவிட்டு ஓடி மூன்று மாதம். சௌத்ரியின் ஆட்கள் தேடாத இடமில்லை. அவர்கள் தொல்லையில் ஷப்பீரும் பழைய பட்டறையை விட்டு இந்தத் தெருவுக்கு மாறிவிட்டான்; எந்தக் கடை என்று தம்பிக்குத் தெரியாது. தம்பி உயிரோடு இருக்கும்வரை இந்தக் கத்தி கைமாறாது.

சந்தேகம் தீர, இழுப்பறையிலிருந்த தன் கத்தியைப் பக்கத்தில் வைத்தான். அதில் அறுந்த வரி இதில் தொடர்ந்து ஓடியது.

பின்னால் ஷட்டர் கடகடவென்று இறங்கியது.

"அமிலத்தில போடச் சொன்னேனா?"

"தப்புதான்..."

"என்ன ஜோடி சேர்த்துப் பார்க்கிறே?"

ஷப்பீரின் விரல்கள் கைப்பிடியை இறுக்கின. "என் தம்பியை என்னடா பண்ணினே?"

வந்தவன் போர்வையை உதறிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தான்.

"மெதுவா பேசு. உன் பேர் சொல்லி விசாரிச்சா சௌத்ரி காதுக்குப் போயிடும்னான் உன் தம்பி. 'மொட்டையா தேய்ச்சுத் தரேன், கடைகடையா கொடு. தொடாதேன்னு சொல்லியும் எவன் அமிலத்தில போடுறானோ, அவன்தான் எங்கண்ணன்'னு சொல்லி அனுப்பினான்."

நாளைய வேலை: தம்பி பெண்டாட்டிக்குக் கண்ணாடி வளையல் வாங்குவது. அளவு கேட்க மறந்துவிட்டேன்.