சாதுவான ஷேர்

"இன்னைக்கு என்ன விலை வெர்னா?"

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டே கேட்டார் டெல்பர்ட். மணி ஒன்று. நியூயார்க்கில் பங்குச் சந்தை மூடும் நேரம்தான் கலிஃபோர்னியாவில் அவருக்குச் சூப் குடிக்கும் நேரம்.

வெர்னா கைப்பேசியை எட்டப் பிடித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, வாசிப்பதுபோல் உதட்டை அசைத்தாள். "இருநூத்திப் பதினாலு டாலர் முப்பது சென்ட். நேத்தைவிட இருபது சென்ட் ஜாஸ்தி."

"மறுபடியும் ஏறிடுச்சா?" பெருமூச்சு விட்டபடி தாளில் ஒரு புள்ளி வைத்தார்.

கைப்பேசித் திரையில் இருந்த நிஜ விலை பத்தொன்பது டாலர்.

டால்விக்ஸ் கம்ப்யூட்டர் சில்லு கம்பெனியில் முப்பது வருடம் உழைத்து, சம்பளத்தோடு சம்பளமாக அதன் பங்குகளையும் சேர்த்து வைத்தவர் டெல்பர்ட். பங்கையும் பென்ஷனையும் தவிர வேறு காசு கிடையாது. அதுவும் சாதாரணப் பங்கா? காலையில் கூரைமேல் நிற்கும், சாயங்காலம் கிணற்றில் கிடக்கும். "என்ன ஆனாலும் விக்கக் கூடாது" என்று ஒற்றைக் காலில் நின்றவள் வெர்னாதான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை அது நூற்றைம்பதிலிருந்து இருநூற்றுப் பத்துக்கு ஒரே தாவாகத் தாவியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த டெல்பர்ட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசையிலேயே சாய்ந்துவிட்டார். சந்தோஷத்தில் மாரடைப்பு வந்த முதல் ஆள் இவர்தான் என்று தெருவே பேசிற்று.

"போன், டிவி, பங்குச் செய்தி எதுவும் அவர் கண்ணுல படக் கூடாது. கேட்டா நீங்களே மெதுவா சொல்லுங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார்.

வீடு திரும்பிய பத்தாம் நாள் டால்விக்ஸ் நாற்பது டாலர் விழுந்தது. அன்றைக்கு வெர்னா முதல் பொய்யைச் சொன்னாள். அது விழ விழ, இவள் இருபது சென்ட் ஏற்றி, பத்து சென்ட் இறக்கி, தொட்டிலில் போட்டு ஆட்டுவதுபோல் ஆட்டினாள். சோம்பல் வந்தால் ஒரு வார விலையை ஞாயிற்றுக்கிழமையே எழுதி வைத்துக்கொள்வாள். கூப்பன் வெட்டி, முந்தின நாள் ரொட்டியைப் பாதி விலைக்கு வாங்கி, பென்ஷனில் குடும்பத்தை ஓட்டினாள். பங்குக் கணக்கின் கடவுச்சொல் டெல்பர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும். கேட்டால் அவரும் எட்டிப் பார்த்துவிடுவாரே என்று இவள் கேட்கவேயில்லை.

டெல்பர்ட் தினமும் விலையைப் புள்ளி வைக்கும் தாள்களோ சமையலறைச் சுவரில் தொடங்கி, நடையைக் கடந்து, குளியலறையைச் சுற்றி, படுக்கையறைக்குள் புகுந்திருந்தன. இன்னும் ஒரு வருடம் விட்டால் சான் ஹோசே ஊர் எல்லையைத் தொட்டுவிடும்.

பின்கதவு திறந்தது. ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு பக்கத்து வீட்டு ஃபென்னர் உள்ளே வந்தார். நாற்பது வருடம் பங்குத் தரகர். அலாஸ்காவில் மகள் வீட்டில் ஐந்து வருடம் மீன் பிடித்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பியிருந்தார்.

சுவரைப் பார்த்தவர் நின்றுவிட்டார். "என்னப்பா இது, ஏரித் தண்ணி மட்டமா?"

"டால்விக்ஸ் ஷேர். மூணு வருஷ விலை, ஒரு நாள் விடாம."

"யார்கிட்ட கதை விடறே? இந்தத் தொழில்ல முடி கொட்டினவன் நான். இந்த மாதிரி ஷேர்னா இன்னைக்கு அஞ்சு சதவீதம் ஏறும், நாளைக்கு ஏழு இறங்கும். பேயாட்டம் ஆடும். இது கட்டிப்போட்ட பசு மாதிரி நிக்குதே!"

வெர்னா மேசைக்கு அடியிலிருந்து காலை நீட்டி அவரை ஒரு உதை விட்டாள்.

"ஆ! ஏன் வெர்னா உதைக்கிறீங்க?"

"கால் மரத்துப்போச்சு. சூப் குடிக்கிறீங்களா?"

ஃபென்னர் சூப்பைப் பார்க்கவில்லை. சுவரில் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்தார். "அட, இதைப் பாரு. தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வியாழக்கிழமைக்கும் புள்ளி வெச்சிருக்கே! அன்னைக்கு மார்க்கெட்டே பூட்டிக்கிடக்குமேப்பா. விலை எங்கிருந்து வந்துச்சு, விருந்து வான்கோழி வயித்துக்குள்ளேருந்தா?"

டெல்பர்ட் எழுந்து போய் அந்தப் புள்ளியை விரலால் தடவிப் பார்த்தார். மெதுவாகத் திரும்பினார்.

"வெர்னா. நிஜ விலை என்ன?"

"முதல்ல உட்காரு."

அவர் உட்கார்ந்தார். வெர்னா நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை ஒரு கையில் தயாராக வைத்துக்கொண்டு, மறு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்தொன்பது டாலர்."

"நூத்திப் பத்தொன்பதா?"

"வெறும் பத்தொன்பது. மூணு வருஷமா விழுந்துக்கிட்டே இருக்கு. நம்மகிட்ட ஒண்ணுமே மிஞ்சல டெல்பர்ட். விக்காதேன்னு சொன்ன பாவி நான்தான். உன் நெஞ்சு தாங்காதேன்னுதான் தினம் பொய் சொன்னேன்."

டெல்பர்ட் கண்ணை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஃபென்னர் பதறிப்போய் ஆம்புலன்ஸுக்குக் கைப்பேசியை எடுத்தார். வெர்னா மாத்திரையை டெல்பர்ட்டின் உதட்டருகே கொண்டுபோனாள்.

அவர் அதைத் தள்ளிவிட்டார். அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று வருடமாகக் காணாத சிவப்பு கன்னத்தில் ஏறியிருந்தது.

"மூணு வருஷம் வெர்னா! ஒரு நாளாவது பெருசா விழாதா, விழாதான்னு தவம் கிடந்தேன். நீ ஒவ்வொரு சென்ட்டா ஏத்தும்போதும் இங்க ஊசி குத்தின மாதிரி இருக்கும்."

"ஏன்? விழணும்னா வேண்டிக்கிட்டே?"

"உன்கிட்ட சொல்லாம அத்தனையையும் நூத்தைம்பதுக்கு வித்துட்டேன், நெஞ்சைப் பிடிச்ச அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள்!"